நச்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்புவது விற்பதற்கா?

"பிள்ளை பிறந்ததும் நச்சுக்கொடியை லேபுக்கு என்று வாங்கி, அழகுசாதனக் கம்பனிக்கு விற்கிறார்கள், கையெழுத்துப் போடாதீங்கோ" என்றொரு குரல்பதிவு திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறான தகவல்.

ஆய்வுக்குப் போகும் நச்சுக்கொடி, திசு அழுகாமல் காக்கும் 10 வீத போமலினில் ஊறுகிறது. நச்சுத் திரவத்தில் ஊறியதை எந்தக் கிறீமிலும் சேர்க்க முடியாது. எல்லா நச்சுக்கொடியும் போவதுமில்லை. குழந்தை வயிற்றிலேயே இறந்தால், குறைமாதத்தில் அல்லது வளர்ச்சி குன்றிப் பிறந்தால், கிருமித்தொற்று சந்தேகப்பட்டால் அனுப்புவார்கள்.

ஆய்வுகூடத்தில், பிள்ளையைச் சூழ்ந்திருந்த சவ்வையும் தொப்புள்கொடியையும் வெட்டி நீக்கிய பிறகே நச்சுக்கொடியை நிறுப்பார்கள். நிறைமாதத்தில் ஏறத்தாழ 500 கிராம். பிள்ளை பிறந்த கர்ப்பவாரம், கூடவே அனுப்பும் படிவத்தில் இல்லாவிட்டால் இந்த எடையால் பயனில்லை. பல படிவங்களில் விடுபடுவது இதுதான். தொப்புள்கொடியில் இரண்டு நாடி, ஒரு நாளம் இருக்க வேண்டும். தொப்புள்கொடி நச்சுக்கொடியில் ஒட்டும் இடத்தருகே நாடிகள் ஒன்றிணைவதுண்டு, ஆகவே தள்ளி வெட்டித்தான் எண்ணுவார்கள். நச்சுக்கொடி ஆய்வுக்கென 2016இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஒருமித்த வழிகாட்டல்படி, நுணுக்குக்காட்டியில் பார்க்க மெழுகில் பதிக்கும் திசுத்துண்டுக் கட்டிகள் குறைந்தது நான்கு தேவை: தொப்புள்கொடியும் சுருட்டிய சவ்வும் ஒன்றில், நச்சுக்கொடியை மேலிருந்து கீழ்வரை வெட்டிய முழுத்தடிப்புத் துண்டுகள் மூன்றில்.

நச்சுக்கொடியைச் சிறிய போத்தலில் திணித்தால் போமலின் அதன் நடுப்பகுதியை எட்டாது, அந்தப் பகுதி அழுகிவிடும். கிருமி வளர்ப்புக்கோ நிறமூர்த்த (குரோமோசோம்) சோதனைக்கோ வேண்டிய துண்டைப் போமலினுக்கு முன்பே எடுக்க வேண்டும்.

நச்சுக்கொடியில் காணப்படும் சில பாதிப்புகள் அடுத்த கர்ப்பத்திலும் திரும்பக்கூடியவை. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, அடுத்த முறை முதல் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் காட்டுங்கள்.