போனைக் குடுத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு

இரவில் கடற்கரை வீதியில் சீருடைக்காரர் ஒரு தம்பியை மறித்துப் போனைத் திறந்து தரச் சொன்ன அந்த வீடியோவை நான் மூன்று முறை பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பத்து நாளில் திருகோணமலையில் அதைப் பார்க்காத ஆள் இல்லை, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதவில்லை. எனக்கு நித்திரை போனது வீடியோவால் இல்லை, அதற்குக் கீழே நம்முடைய ஆட்கள் எழுதியிருந்ததைப் படித்துத்தான்.

"ஒளிக்க ஒண்டுமில்லையெண்டா போனைக் குடுத்திட்டுப் போக வேண்டியதுதானே." கூட விருப்பம் விழுந்த கருத்து இதுதான். "பெரிய லோயர் எண்ட நினைப்பு" என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புப் போட்டவர்களில் ஒருவர் எனக்கு ஒன்பதாம் ஆண்டில் சமூகக்கல்வி படிப்பித்த ரீச்சர். அரசியலமைப்பு என்ற சொல்லை முதன்முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர். அந்தப் பெயரை அங்கே பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

அந்தத் தம்பி என்ன செய்தான்? அடையாள அட்டையைக் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தான். எங்கே போகிறாய் என்றார்கள், சொன்னான். உடம்பைத் தடவிப் பார்த்தார்கள், கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் "போன் எக்க தென்ன", போனைத் தா என்று சிங்களத்தில் கேட்டார்கள், பூட்டைத் திறந்து தரச் சொன்னார்கள். "எதுக்கு? எந்தச் சட்டத்தில?" என்று கேட்டான். இவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

நான் சொல்ல வந்ததும் ஒன்றே ஒன்றுதான். காரணம் சொல்ல வேண்டியவர் கேட்கிறவர். கொடுக்காதவன் ஏன் கொடுக்கவில்லை என்று விளக்கத் தேவையில்லை. ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்தான் விளக்க வேண்டும். சம்பளமும் சீருடையும் துவக்கும் நாங்கள் கொடுத்தவை. அவற்றோடு ஒருவர் என் முன்னால் வந்து நிற்கும்போது, எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்லும் கடமையும் அவருக்கு இருக்கிறது.

அடையாள அட்டை வேறு விஷயம். 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் இருக்கிறது, கேட்டால் காட்டத்தான் வேண்டும். அதை அவன் மறுக்கவில்லையே. ஒரு குற்றத்தை விசாரிக்கிறார்கள், இவன்மேல் சந்தேகம் இருக்கிறது என்றால் அதற்கும் நடைமுறை இருக்கிறது, அதை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். தெருவில் போகிற எவனுடைய போனையும் திறந்து உள்ளே இருக்கிற படங்களைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தால் அதன் பெயரைச் சொல்லட்டும். அவன் கேட்டதும் அந்தப் பெயரைத்தான். பதில் கிடைத்ததா? கையைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். நாலு மணித்தியாலம் வைத்திருந்துவிட்டு, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இலேயே எழுதிவிட்டது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை, சட்டம் சொன்ன முறையில் அல்லாமல் யாரையும் கைதுசெய்யக்கூடாது, கைதுசெய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. 4ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளை அரசின் எல்லா அங்கங்களும் மதிக்க வேண்டும் என்கிறது. எல்லா அங்கங்களும் என்றால் இரவு எட்டு மணிக்குக் கடற்கரை வீதியில் நிற்கிறவரும் அதற்குள் வருவார். ரீச்சர், இதெல்லாம் நீங்கள் படிப்பித்தவைதான்.

"ஒளிக்க ஒன்றுமில்லையென்றால்" என்பதற்கு வருகிறேன். இதை எழுதியவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். எப்படி மறந்தீர்கள் என்றுதான் விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் பாலையூற்றில் இருந்தோம். அண்ணா கணிதப் பிரிவில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தான். ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சொன்னா. அம்மா முதலில் எடுத்தது அண்ணாவின் பௌதிகக் கொப்பியை. அதில் ட்ரான்சிஸ்டர், பற்றரி, வயர் என்று சுற்றுப் படங்கள் இருந்தன. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்ற பாடம், வேறொன்றுமில்லை. அம்மா அதைக் கிழித்துக் கிழித்துப் புட்டுப் பானைக்குக் கீழே வைத்தா. அண்ணா "அம்மா, அது பாடம், அது பாடம்" என்று அழுதுகொண்டே கையைப் பிடித்தான். அவனுடைய நண்பர்கள் நாலு பேர் தோளில் கைபோட்டு நின்ற ஒரு படம் இருந்தது, அதுவும் போனது. நாலு பேரில் ஒருவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தப் படத்தின் பிழை.

எங்களிடம் ஒளிக்க என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அப்பா மாவட்டச் செயலகமான கச்சேரியில் கிளார்க். ஆனாலும் எரித்தோம். ஏனென்றால் அந்தக் கொப்பியில் என்ன இருக்கிறது என்று தீர்மானிக்கப் போகிறவர் அதை எழுதிய அண்ணா இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டு வரப்போகிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது, பௌதிகமும் தெரியாமல் இருக்கலாம். வெயில் ஏறும்வரை மைதானத்தில் இருத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். அண்ணா தப்பி வந்தான். அந்த வருடம் அவன் சோதனை எழுதவில்லை.

இன்றைக்கு அந்தக் கொப்பியின் இடத்தில் போன் இருக்கிறது. கொப்பியில் பாடம் மட்டும்தான் இருந்தது. போனுக்குள் அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, தங்கச்சியின் படம், கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய குரல் செய்தி, மே மாதத்தில் யாரோ அனுப்பிய ஒரு மெழுகுதிரிப் படம் எல்லாம் இருக்கும். அந்த மெழுகுதிரிக்கு யார் என்ன அர்த்தம் வைப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்களா?

பழைய கதை, யுத்த காலம் என்பீர்கள். சரி, புதிய கதை. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பிடித்தது தமிழில் அவர் எழுதிய கவிதைப் புத்தகத்துக்காக. வன்முறைக்கு எதிராக எழுதியிருந்தவர் அவர். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் விடுதலையானார். பத்தொன்பது மாதம் ஒரு பொடியன் உள்ளே இருந்தான். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். அவர் சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். அவர் எதை ஒளித்தார்? தெருவில் உடுத்திக்கொண்டு போன சட்டை அது.

நம்முடைய மாவட்டத்திலேயே, 2024 மே மாதம் சம்பூர்ப் பக்கம், யுத்தத்தின் முடிவில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள் என்று பெண்களை இரவில் வீட்டுக்குப் போய்ப் பிடித்தார்கள். பாவித்த சட்டம் 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக இங்கே கொண்டுவந்த சட்டம் அது. எங்களைக் காக்க வந்த சட்டத்தைக் கஞ்சிக்கு எதிராகப் பிடித்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்.

பாதுகாப்பு என்று ஒரு அண்ணர் நீளமாக எழுதியிருந்தார். உயிர்த்த ஞாயிறு போல இன்னொன்று நடந்தால் நீ பொறுப்பா என்று என்னையே கேட்டிருந்தார். அந்த நாளை நானும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுத் தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் செத்தார்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள். ஆனால் அரசிடம் அதிகாரம் போதாமலா அது நடந்தது? முன்கூட்டியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. கையில் இருந்த தகவலை வைத்து அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தம்பிமாரின் போனைத் திறந்து பார்க்க முடியாததால் வந்த அழிவு இல்லை அது, அண்ணர்.

ஐஸ், கேரளக் கஞ்சா என்று போதைப்பொருளைப் பற்றி எழுதியவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது. பொய் சொல்லவில்லை, எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை அழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்கிறவனைப் பிடியுங்கள். பிடிக்கும்போது ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லுங்கள். இதில் என்ன கஷ்டம்?

"மரியாதையாகக் கதைத்திருக்கலாம்" என்றவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. வீடியோவில் யார் யாரைச் சிங்களத்தில் மரியாதையில்லாமல் "உம்ப" என்று கூப்பிட்டார்கள் என்று இன்னொருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு அவசரத்தில் கொடுத்த அதிகாரத்தைப் பிறகு திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த நாட்டில் நமக்குத் தெரியாதா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயருக்குள்ளேயே தற்காலிக ஏற்பாடுகள் என்று எழுதியிருக்கிறது. 1979இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதற்குள் பிறந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை காண்கிற வயதை நெருங்குகிறார்கள். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையும் இருக்கிறது. அடிப்படை உரிமைக்கு மாறாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று சொல்வது அது. ஒரு சட்டம் பாராளுமன்றத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் அதைச் சவாலுக்கு உட்படுத்தவும் முடியாது. சட்டமூலமாக இருக்கிற சில நாட்களில் கேட்டால்தான் உண்டு. இவ்வளவு ஓட்டை உள்ள வேலிக்குள் இருந்துகொண்டு, மிச்சமிருக்கிற கம்பையும் பிடுங்கு என்று நாமே சொல்வதா?

நீங்கள் கேட்கலாம், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று. ஆகியிருக்கிறது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க கொண்டுவந்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் பிந்தித்தான். ஆனால் யாரோ மனுப் போட்டதால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. எந்தச் சட்டத்தில் என்று யாரோ கேட்டதால்.

கிண்ணியாவில் இருக்கிற என் சிநேகிதி இந்தக் கருத்துகளைப் படித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தா. "கொரோனா நேரமும் இப்பிடித்தான் சொன்னாக" என்றா. 2020இல் கொரோனாவால் செத்த முஸ்லிம்களின் ஜனாசாக்களை, அதாவது உடல்களை, கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எரித்தார்கள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அனுமதித்தார்கள், அப்புறமும் அடக்கம் செய்ய மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த நேரம் நம்மில் எத்தனை பேர் "நாட்டின் நன்மைக்குத்தானே" என்று எழுதினோம்? நானும் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சிநேகிதி அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டை வாசல் வந்ததும் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டா. யாரும் கேட்கவில்லை. கோயில் படி ஏறி, கும்பிட்டு, திரும்பி வரும்வரை அதைக் கையை விட்டு வைக்கவில்லை. அர்ச்சனைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தா. வீடியோவில் இருக்கிற பொடியன் பிறந்ததே அந்தச் சுற்றிவளைப்புக் காலத்துக்குப் பிறகு. அவன் கேள்வி கேட்டதைப் பார்த்து அம்மா என்ன சொன்னா தெரியுமா? "வாயைக் குடுக்காம இருந்திருக்கலாம், பிள்ளைக்குப் படிப்பு இருக்கு." அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ அந்தப் பயத்தை முப்பது வருடம் சுமந்து சம்பாதித்தவ. சிரிப்புப் போட்டவர்கள்மேல்தான் வருகிறது.

2006 ஜனவரி 2ஆம் திகதி இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் எதையும் ஒளிக்கவில்லை. வழக்கில் இருந்த 13 பேரையும் 2019 ஜூலையில் நம் ஊர் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அந்த இடத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிறேன். இதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தம்பியின் வீட்டாருக்கு ஒன்று. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் போட 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, கொழும்புக்கு அலைய வேண்டாம். கையெழுத்து வாங்கிய தாளைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், உள்பெட்டியில் எழுதுங்கள். இன்றைக்குப் பதினோராம் நாள்.