மோசடிப் படம் எடுக்கறீங்களா? அந்த 9 மாசத்தைக் காட்டுங்க

நிதி மோசடின்னு கதை ஆரம்பிச்சாலே நம்ம ஆளுங்க கண்ணாடிக் கட்டடம், சிங்கப்பூர்னு கிளம்பிடறாங்க. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைக் கிராமம் போதும். ஒரு மேசை, ஒரு ரசீது புக், சொந்த ஊர்க்காரன் ஒருத்தன்.

முதல்ல கணக்கை எழுதுங்க. மாசம் 10 சதவீத வட்டி, 100 பேர், தலைக்கு 1 லட்சம். மொத்தம் 1 கோடி. ஏஜென்ட் கமிஷன் 5 லட்சம் போக 95 லட்சம். மாசா மாசம் வட்டி 10 லட்சம். எந்தத் தொழிலும் செய்யாம, புதுசா ஒருத்தர்கூட சேராம 9 மாசம் நாள் தவறாமக் கொடுக்கலாம். பத்தாவது மாசம் கையில 5 லட்சம்தான். 1920ல அமெரிக்காவுல பாஸ்டன்ல சார்லஸ் போன்சிங்கற மோசடிக்காரர் செஞ்சதும் இதே வேலைதான். அவர் 45 நாள்ல 50 சதவீதம் லாபம்னு சொன்னார்.

அந்த 9 மாசமும் பணம் வசூலிக்கற அந்த ஊர்க்கார ஏஜென்ட்தான் ஊர்லயே நாணயஸ்தன். சந்தேகப்பட்ட அத்தையே நாலாவது மாசம் வளையலை அடகு வச்சுட்டு வந்து நிப்பாங்க. இதைப் போய் ஒரு பாட்டுல ஓட்டிடறாங்களே, அங்கயே படம் படுத்துடுது.

வசூல் காட்சியை இலை எடை போடற இடத்துல வைங்க. மழை நாள், தராசுல சாக்கு தொங்குது, ஈரத்துக்குன்னு எடையில கழிக்கறாங்க. ஒரு கிலோவுக்குச் சண்டை போடற அதே கை, ரசீதைப் படிக்காம 1 லட்சத்தை நீட்டும். வசனமே வேணாம். வேணும்னாலும் டப்பிங்தான், தகரக் கூரையில மழை விழுந்தா லைவ் சவுண்ட் தேறாது.

ஏஜென்ட்டை வில்லனாக்காதீங்க, அவன் அக்கா பணமும் அதுலதான் கிடக்கும். தப்பிக்கவும் விடாதீங்க. தெரிஞ்சே பொய் சொல்லி ஆள் சேர்த்தா, முறைப்படுத்தாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யற 2019 சட்டப்படி அதுவும் குற்றம்.

இதைச் 'சீட்டு'ன்னும் எழுதிடாதீங்க. பதிவான சீட்டுக்கு 1982 சட்டம் தனியா இருக்கு. ஏலம் உண்டு, சீட்டு நடத்தறவர் கமிஷனுக்கு 7 சதவீதம்னு வரம்பும் உண்டு. இது டெபாசிட் மோசடி. பொருளாதாரக் குற்றப்பிரிவு வரணும், டெபாசிட் போட்டவங்களைப் பாதுகாக்கற தமிழ்நாட்டோட 1997 டான்பிட் சட்டத்துல வழக்கு போடணும், சொத்தை முடக்கி ஏலம் விட்டு, வந்ததைப் பங்கு பிரிக்கணும். வருஷக்கணக்குல இழுக்கும். அதுவரை மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் கோர்ட்டுக்கு அலையணும்.

கடைசியா ஆர்ட் டைரக்டருக்கு ஒண்ணு. ரசீதை டீத்தண்ணியில முக்கிப் பழசாக்காதீங்க. ரெண்டு மழைக்காலம் பீரோவுல கிடந்த ரசீது எங்க ஊர்ல அப்படி ஆகாது. ஓரத்துல பூஞ்சை பிடிச்சு, சீல் மை ஊறி, கம்பெனி பேரே படிக்க முடியாமப் போயிருக்கும்.