பி650 கையில் இருக்கும்போது எக்ஸ்870 எதற்கு?

நல்ல பி650 போர்டு வைத்திருப்பவர்களே "ஓவர்கிளாக் பண்ணணும், எக்ஸ்870-க்கு மாறட்டுமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். (இரண்டும் ஏஎம்டி ரைசன் மதர்போர்டுகளின் சிப்செட்டுகள், அதாவது பிராசஸருக்குத் துணையாகப் போர்டில் இருக்கும் சிப். ஓவர்கிளாக் என்றால் பிராசஸரை அதற்கு வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது.) வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல கூலரோ ராமோ வாங்குங்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் வந்த எக்ஸ்870-க்குப் பெயர்தான் புதுசு. உள்ளே இருப்பது 2022-இல் பி650-யில் வந்த அதே புரோமன்டரி 21 சிப். அதற்கு மேல்படியான எக்ஸ்870இ-யில் அதுவே இரண்டு, முந்தைய தலைமுறை எக்ஸ்670இ-யிலும் இரண்டுதான். யூஎஸ்பி4-ஐயும் கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் வழிக்கு பிசிஐஇ 5.0-ஐயும் ஏஎம்டி கட்டாயமாக்கியது, அதுதான் பெரிய மாற்றம். கிளாக் வேகத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

சிப்செட் பார்த்து போர்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. இன்டெல் போர்டுகளில் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் அப்போது சிப்செட்டின் ஒரு பகுதியான நார்த்பிரிட்ஜில் இருந்தது. இன்டெல் கியூ6600 பிராசஸரின் மல்டிப்ளையர் (வேகத்துக்கான பெருக்கு எண்) 9. அது பெருக்கும் எஃப்எஸ்பி-யை, அதாவது பிராசஸரையும் நார்த்பிரிட்ஜையும் இணைக்கும் பஸ்ஸின் கிளாக்கை, 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333-க்கு ஏற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகிவிடும். அந்த 333-ஐயும் அதற்கு மேலேயும் போர்டு தாங்குமா என்பதில் சிப்செட்டுக்குப் பெரிய பங்கு. இன்டெல்லின் பி35 சிப்செட்டுக்கு அன்றைக்கு இருந்த மவுசு அதனால்தான். ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-லும், இன்டெல் 2008-இல் நெஹேலமிலும் கன்ட்ரோலரைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். பழைய நினைப்பு மட்டும் நம்மை விடவில்லை. போர்டு விற்பவர்களுக்கும் அது வசதிதானே!

இன்றைக்கு ரைசனில் என்ன செய்கிறோம்? பிபிஓ-வைத் (பிராசஸரின் மின் வரம்பைத் தளர்த்தும் வசதி) திறந்து, வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20 வைத்து, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுகிறோம். ஒரு கோர் மட்டும் எரர் காட்டினால் அதை மட்டும் மைனஸ் 12-க்குக் கொண்டுவருகிறோம். ராமை 6000 வேகம், சிஎல்30 தாமதத்தில் நிறுத்தி, மெமரி கன்ட்ரோலரை ராம் கிளாக்குக்குச் சமமாக 1:1-இல் வைத்து, மற்ற தாமதங்களையும் (டைமிங்) இறுக்குகிறோம். (ராம் மாற்றிய முதல் பூட்டில் திரை கறுப்பாகவே நிற்கும், போர்டில் ராமுக்கான டிராம் எல்இடி எரியும். போர்டு போச்சு என்று பவரை அணைத்துவிடாதீர்கள், புது ராமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு தேடும் மெமரி ட்ரெயினிங் நடக்கிறது.) இதில் எதையும் சிப்செட் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு மைனஸ் தாங்கும் என்பது உங்கள் கைக்கு வந்த பிராசஸரின் ராசி. ரைசன் 7800எக்ஸ்3டி பிராசஸருக்கு மல்டிப்ளையரே லாக். எவ்வளவு விலை போர்டில் மாட்டினாலும் திறக்காது.

அப்படியானால் போர்டைப் பார்க்கவே வேண்டாமா? பாருங்கள், ஆனால் பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம்-ஐப் பாருங்கள். 230 வாட் வரை இழுக்கும் 7950எக்ஸ் பிராசஸரை, வி.ஆர்.எம்-இன் மொஸ்ஃபெட் மேல் ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவு போர்டில் போட்டு, மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் ரெண்டரிங் விட்டால், சூடு தாங்காமல் போர்டே பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே போர்டு மாற்றுவது நியாயம். அதற்கும் நல்ல பி650 போதும்.

ஏஎம்டியின் மலிவு சிப்செட்டுகளான ஏ620, பி840 வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் வேண்டுமானால் மாறித்தான் ஆக வேண்டும். அவற்றில் சிபியு ஓவர்கிளாக்கை ஏஎம்டி அனுமதிக்கவில்லை. இன்டெல் பக்கம் பி760 சிப்செட் போர்டில் 13600கே பிராசஸர் போட்டவர்கள் கதையும் அதேதான். மெமரியை ஏற்றலாம், மல்டிப்ளையரைத் தொட முடியாது. இசட்690-இலிருந்து இசட்790-க்குத் தாவ நினைப்பவர்களுக்கு, சிப்செட்டின் பிசிஐஇ 3.0 லேன்களில் (தரவுப் பாதைகளில்) எட்டு 4.0 ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மற்றவர்கள் முதலில் போர்டு கம்பெனியின் தளத்தில் புது பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் மெமரி வேகம் முன்னேறியதில், பயாஸுக்குள் ஏஎம்டி தரும் ஏஜீசா மென்பொருளின் அப்டேட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழைய பி650-க்கும் வருகிறது, இலவசமாக.