நெருப்பை அணைக்கப் போகிறவனிடம் நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசா?

தன்னார்வத் தீயணைப்புப் படை பிளேட்டை (சம்பளம் இல்லாமல் தீயணைக்கப் போகிற எங்கள் காரில் மாட்டுகிற சிறப்பு நம்பர் பிளேட்) புதுப்பிக்கப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வயிறு எரிகிறது. அமெரிக்காவில் இந்த வேலையில் இருக்கிற நம்மவர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம், புரிந்திருக்கும்.

வண்டிப் பதிவு அலுவலகக் கவுன்ட்டரில், நான் படையில் இருக்கிறேன் என்று எங்கள் சீஃப் (படைத் தலைவர்) கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினேன். ஸ்கேன் செய்து அச்சடித்தது செல்லாதாம், பேனா மையோடு ஒரிஜினல் வேண்டுமாம். சரி என்று கிளம்பி, பகல் வேலையில் இருந்த சீஃபை (அவருக்கும் இதில் சம்பளம் கிடையாது) தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்ப வரிசையில் நின்று, என் முறை வந்தால், லைசென்ஸில் இருக்கிற மாதிரி கடிதத்தில் பெயர் இல்லையாம், அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டதாம். மறுபடி ஓட்டம், மறுபடி வரிசை. எல்லாம் முடிந்த பிறகு, சிறப்பு பிளேட் கட்டணம் என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். எங்களிடமுமா என்று கேட்டேன். கல்லூரி பிளேட், ஃபுட்பால் டீம் பிளேட், எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான் என்கிறார் கவுன்ட்டரில் இருந்த அம்மா.

கல்லூரிச் சின்னம் ஆசைக்கு மாட்டுவது. நான் ஆசைக்கா மாட்டினேன்? நடுராத்திரியில் பேஜர் அலறி ஓடும்போது, ரோட்டை மறித்து நிற்கிற போலீஸ்காரர் பார்த்ததும் உள்ளே விட வேண்டும், அதற்குத்தான் அது. சிவப்பு சிக்னலில் எல்லோரையும் போல நிற்கத்தான் வேண்டும். படையை விட்டு விலகினால் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு என்ன சொகுசு?

தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 2020 கணக்குப்படி இந்த நாட்டில் தீயணைப்பு வீரர்கள் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் பேர். அதில் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் தன்னார்வலர்கள். 1984இல் அவர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர் இருந்தார்கள். ஆள் குறைந்துகொண்டே போகிறது, மிச்சம் இருக்கிறவர்களிடம் கட்டணம்! தீயணைப்பு வேலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல், புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. அது தெரிந்தும்தான் நாங்கள் போகிறோம்.

பெட்ரோலும் எங்கள் காசுதான். தொண்டுக்காகக் கார் ஓட்டினால் வருமான வரியில் கழித்துக்கொள்ள மைலுக்கு 14 சென்ட், 1998லிருந்து அதே 14 சென்ட். தொழிலுக்காக ஓட்டுகிறவருக்கு 2025இல் 70 சென்ட். அந்த 14ஐக்கூட 2025இல் ஐட்டமைஸ் செய்தால்தான் (கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் காட்டினால்தான்) கழிக்க முடிந்தது, எங்களில் எத்தனை பேர் அப்படிச் செய்தோம்? பிளேட் கட்டணம் சின்னத் தொகைதான், கட்டிவிட்டேன். ஆனால் ஆசைக்கு பிளேட் மாட்டுகிறவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. பனி அள்ளும்போது வீட்டு முன்னால் இருக்கிற ஹைட்ரண்ட் (தீயணைக்கத் தண்ணீர் எடுக்கிற தெருக் குழாய்) மேலேயே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்களே, ஏன்? சுற்றிலும் 3 அடி விடுங்கள். வீடு எரியும்போது குழாய் எங்கே என்று நாங்கள் மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.