ஜன்னல் கிரில்லுக்கு ஒரு கொண்டி

போன சித்திரையில் ஒரு ராத்திரி, மணி ரெண்டரை இருக்கும். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பாக்ஸ் பற்றிக்கொண்டது. பக்கத்திலேயே ரெண்டு வண்டி நின்றது. ஒரு வண்டியின் சீட் உருக ஆரம்பித்ததும் கரும்புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. நாங்கள் முதல் மாடியில். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது புகை. மொட்டை மாடிக்குப் போகவும் அதே படிதான், அந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி கீழ்வீட்டில் தம்பியிடம்.

கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துண்டை அடைத்துவிட்டு, எழுபத்து நாலு வயது அம்மாவைத் தெருப்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். பத்தடி கீழே தெரு, ஆட்கள் ஏணியோடு நிற்கிறார்கள். நடுவில் நானே காசு கொடுத்துச் சுவரில் பதிக்கச் சொன்ன கிரில்! அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து நிமிஷத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஒருவர் குடத்தோடு ஓடிவர, "தண்ணி ஊத்தாதீங்க, கரண்ட் இருக்குது!" என்று எதிர்வீட்டுத் தம்பி தடுத்தான். யாரோ கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த எம்-சாண்டை அள்ளி வீசித்தான் தீயை அமுக்கினார்கள். 101-க்குக் கூப்பிட்டு வந்த வண்டி எங்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றது.

அதற்குப் பிறகுதான் நம் வீடுகளுக்கு விதி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் உயரம் போனால்தான் அது உயரமான கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தனிப் படிக்கட்டு என்று கெடுபிடியெல்லாம் அதற்கு. நம் ஊரில் அந்த உயரத்துக்கு எத்தனை வீடு இருக்கிறது? 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கிவிடலாம். அலைச்சல் மிச்சம், நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றால், அந்தச் சுயசான்றிலேயே தீக்கென்று மூன்று வரி சேர்த்துவிடலாமே. மாடிக்கு ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவு சாவி இல்லாமல் திறக்க வேண்டும். வெளியே போக இருக்கிற ஒரே படிக்கு அடியில் மீட்டர் வைக்கக்கூடாது. கட்டும்போதே செய்தால் இதற்குப் பெரிய செலவே கிடையாது.

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் போனார்கள். அதே வருஷம் அக்டோபரில் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது நம் அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். பட்டாசு என்றால் எல்லோருக்கும் பயம் வருகிறது. வீட்டைப் பற்றி அந்தப் பயம் வருவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் பைக் எரிந்து ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். வெளியே வர வழியில்லாமல் புகையில் மூச்சடைத்துப் போன உயிர்கள் அவை. எங்கள் தெருவிலேயே இப்போது நாலைந்து பேர் படிக்கு அடியில்தான் விடிய விடிய சார்ஜ் போடுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விழித்திருக்கும்போது, வெளியில் வைத்துப் போடுங்கள்.

கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு 1906-க்குக் கூப்பிடுங்கள்.

கிரில்லை அறுக்கப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டபோது அவர் யோசித்தார். "திறக்கிற மாதிரி வெச்சா திருடன் வந்துருவாங்கண்ணா." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, ரெண்டடிக்கு மூன்றடி அளவில் வெட்டி, கீல் வைத்து, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் உள்பக்கம் கொண்டி போட்டோம். பூட்டு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இருட்டில் சாவி தேட முடியாது. கூலியோடு சேர்த்து ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது.

வேலை முடிந்ததும் அம்மாவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொண்டி இறுக்கமாக இருந்தது, ரெண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை. பட்டறைக்காரர் சாமானை மூட்டை கட்டிவிட்டார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி அரத்தை எடுத்து, உரசி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். நாலாவது தடவை அம்மா ஒரே கையால் திறந்தார்.