43ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

"அக்கா, 42ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேரா 44 வந்துடுச்சு. 43ல என்ன?"

"ஒண்ணுமில்ல தம்பி, வெறும் அட்டவணை. அதைப் போய் எப்படி வாசிக்கிறதுன்னு விட்டுட்டேன்."

"அதுலதான் அக்கா கேள்வியே வரும்."

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற தம்பி ஒருவருக்குக் கோத்தகிரியில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்புகிறேன். தொடங்கிய இரண்டாவது வாரமே வாங்கிய குட்டு இது. எனக்கு நன்றாக வேண்டும். கண் தெரிகிறவர் வேண்டாத பக்கத்தைத் தானே பார்த்துத் தள்ளிவிடுவார். அவருக்குப் பதில் நான் தள்ளியதுதான் தப்பு.

அன்றிலிருந்து "மூன்று பத்தி, எட்டு வரிசை" என்று முதலில் சொல்லிவிட்டு, தலைப்புகளை ஒருமுறை வாசித்து, பிறகு வரிசை வரிசையாகப் போகிறேன். பொதுத்தமிழ்தான் பெரிய கூத்து. பொரி, பொறி இரண்டும் என் வாயில் ஒன்றாகத்தான் வரும். சின்ன ர, பெரிய ற, மூணு சுழி, ரெண்டு சுழி என்று ஒன்றாம் வகுப்புக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் குரலை ஏற்றி இறக்கி வானொலி நாடகம் மாதிரி வாசித்தேன். அவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாராம். "அந்த வேகத்துல உங்க நடிப்பு கார்ட்டூன் மாதிரி இருக்கு அக்கா." சரி, நடிப்பை மூட்டை கட்டினேன்.

இதையெல்லாம் இப்போது மெஷினே வாசிக்காதா என்று கேட்கிறார்கள். வாசிக்கிறது. இப்போது போனிலும் இணையத்திலும் இருக்கும் யூனிகோடு எழுத்தில் இருந்தால், அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் என்னைவிட வேகமாக வாசிக்கும், என்னிடம் அவர் வரவே மாட்டார். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுவிடும் பழைய பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப் வந்தால்தான் வம்பு. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, செமிகோலன், கே, எச். பாவம், திரைவாசிப்பான் அதைத்தானே படிக்கும்? சாணிப் பேப்பரில் அச்சடித்த கைடைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாலோ, இடது பத்தியையும் வலது பத்தியையும் கலந்துகட்டி அடிக்கும்.

பதிப்பகத்தார் கேஸ் போட மாட்டார்களா என்று என் தங்கை பயந்தாள். 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காகப் புத்தகத்தை ஒலியாக மாற்றித் தருவதை அனுமதிக்கிறது. பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்யும், 2013இல் உருவான மராக்கேஷ் ஒப்பந்தத்தை மறு வருடமே உலகத்தில் முதலாவதாக ஏற்ற நாடும் நாம்தான். அதற்காக முழுப் புத்தகத்தையும் யூடியூபில் ஊருக்கே போடலாம் என்று அர்த்தமில்லை.

ஒரு ஆதங்கம். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் கதை வாசித்துத் தருகிறேன் என்று நிறையப் பேர் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான், கதையும் வேண்டும். ஆனால் வங்கி அனுப்பிய கடிதம், மாத்திரை அட்டையின் பின்பக்கம், 300 பக்கப் பொது அறிவு கைடு, இதற்கெல்லாம் குரல் கொடுக்க ஆளைக் காணோம். அலுப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். இந்தியப் பொருளாதாரம் வாசிக்கும்போது நானே இரண்டு முறை தூங்கி வழிந்திருக்கிறேன். ஒரு பதிவில் என் கொட்டாவியும் இருக்கிறது.

கண் நன்றாகத் தெரிந்தும் வாசிப்பு பிடிபடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பக்கத்து லைன் வீட்டில் ஏழாவது படிக்கும் பெண்ணைப் பள்ளியில் சோம்பேறி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். சாயங்காலம் நான் சமூக அறிவியல் வாசிக்க, அவள் வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். பாடம் முடிந்ததும் கேள்வி கேட்டால் பதில் டக்கென்று வரும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், இப்படி வாசிப்பு பிடிபடாத டிஸ்லெக்சியாவும் இருக்கிறது. அவள் அம்மாவுக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. தேயிலை பறித்துவிட்டு வந்து நின்றவரிடம் போன வாரம்தான் நான் சொன்னேன்.

இப்போது என் பிரச்சினை கூரை. ஐப்பசி மழை தகரத்தில் விழுந்தால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. கம்பளிக்குள் புகுந்து டார்ச் அடித்து வாசித்துப் பார்த்தேன், மூச்சு முட்டுகிறது. இன்னும் 60 பக்கம் பாக்கி. கோத்தகிரியில் தார்சு வீடும், மாலை ஆறு மணிக்கு மேல் டிவி ஓடாத ஓர் அறையும் உள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். சுக்குக் காப்பி என் செலவு.