ஜோடிப் படத்துக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

இரண்டு பொருளையோ இரண்டு பேரையோ ஒரே ஃபோட்டோவில் சேர்த்து எடுக்கும் ஜோடிப் படம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஃபிரேமில் ஆளுக்குப் பாதியாக நிற்க வேண்டும் என்று இந்தப் புகைப்படக் கட்டுரையை எழுதியவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். ஒன்றுக்கு அப்போதுதான் நீல பெயின்ட் அடித்திருப்பார்கள், ஈரம்கூடக் காய்ந்திருக்காது. பக்கத்துப் படகிலோ பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்து துருக்கறை வழிந்திருக்கும். நடுவில் தொங்கும் டயர் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும். அந்த வித்தியாசம்தான் படமே. இரண்டும் புதுசாக இருந்தால் நான் கேமராவை எடுக்கவே மாட்டேன். அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் மொபைலில் போர்ட்ரெய்ட் மோட் வைக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் பின்னால் இருப்பதை அது மங்கலாக்கிவிடும், ஜோடியே உடைந்து போகும். வைடு லென்ஸோடு கிட்டே போனாலும் சிக்கல்தான்: முன்னால் இருப்பது பூதாகரமாகி, பின்னால் இருப்பது சுருங்கிவிடும். நன்றாகப் பின்வாங்கி 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் ஜூமில் எடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். வலை பின்னும் இருவரை எடுப்பதென்றால் முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இருவர் கைக்கும் நடுவே இழுபட்டு நிற்கும் வலையும் முழுசாக ஃபிரேமுக்குள் வர வேண்டும், அதுதான் அவர்களை ஜோடியாக்குகிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அண்ணன்மார் மறுக்க மாட்டார்கள்.